இரவில் பல் கடிப்பு, கடைவாயில் சொத்தை: எது எதைக் கெடுக்கிறது?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 38 வயது. ரப்பர் பால் வெட்டும் வேலை. ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார். கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை. போன வருஷம் அடைத்தது உடைந்து விழுந்துவிட்டது. வயிற்றில் பூச்சி இருக்கும் என்கிறார் மாமியார். பல் கடிப்பதால்தான் சொத்தை வந்ததா? ராத்திரி பல்மேல் மாட்டும் உறை (கிளிப்) போட்டால் சரியாகுமா?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: பூச்சி மாத்திரையால் இது நிற்காதம்மா. தூக்கம் லேசாகக் கலையும் நொடிகளில் தாடைத் தசை தானாக இறுகுவதுதான் பல் கடிப்பு. மனக்கவலை, புகை, மது, ராத்திரி குடிக்கும் சாயா எல்லாம் அதைக் கூட்டும். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்றும் கவனியுங்கள். அப்படியானால் அதற்குத் தனியாகப் பரிசோதனை வேண்டும்.

சொத்தைக்குக் காரணம் கடிப்பு அல்ல, இனிப்பும் கிருமியும். விடியும் முன்னே தோட்டத்துக்குப் போகிறவர்கள் பால் விடாமல் சர்க்கரை போட்ட கட்டன் சாயாவை பிளாஸ்கில் கொண்டுபோய் மடக்கு மடக்காகக் குடிப்பதை நிறையப் பார்க்கிறேன். ஒவ்வொரு மடக்குக்கும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. அமிலம் கூடக்கூட வாயின் பிஎச் அளவு குறையும்; அது 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது வேண்டும்; அந்த அவகாசம் கிடைப்பதே இல்லை. இனிப்புச் சாயாவை ஒரே தடவையில் குடித்து முடிக்கட்டும். நடுவில் தண்ணீர் போதும்.

ஆனால் ஒரே பல்லில் இரண்டும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று துணை போகும். கடிப்பு எனாமலைத் தேய்க்கும், கீறல் விழவைக்கும், அடைத்த இடத்தின் ஓரத்தைப் பெயர்க்கும். அந்த இடுக்கில் கிருமி புகுந்தால் அடியில் இருப்பது டென்டின். அது எனாமலைவிட மென்மையானது, சொத்தை வேகமாகப் பரவும். உள்ளே குடைந்துபோன பல்லோ அதே கடியைத் தாங்காமல் பிளக்கும். அடைப்பு உடைந்ததும் இப்படித்தான் இருக்கலாம். வெட்டிய பட்டை மறுபடி வளரும் என்பது உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். எனாமல் அப்படி வளராது.

கிளிப் கடிப்பை நிறுத்தாது, பல்லைத் தேயாமல் காக்கும். அதை முதலில் போடாதீர்கள். சொத்தையை வைத்துக்கொண்டு மாட்டினால் எச்சில் படாமல் அது இன்னும் பெருகும். பிறகு பல்லை அடைத்தால் கிளிப்பும் பொருந்தாது. முதலில் எக்ஸ்ரே எடுத்து, வேர்வரை போயிருந்தால் வேர் சிகிச்சையும் அதன்மேல் பல்லை மூடும் கேப்பும். கடிக்கிறவர்களுக்குக் கடைவாயில் கேப் போடாமல் விடுவது ஆபத்து. அதன் பிறகு அளவெடுத்துக் கிளிப். ராத்திரி ஃப்ளோரைடு பேஸ்டால் பல் தேய்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது.

கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, வெட்டு நாள் என்று பார்க்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.