கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. பல வருடங்களாகப் பறவைகளைப் படமெடுக்கிறேன், அவற்றின் குரலையும் பதிவு செய்கிறேன். போன வருடம் ஒரு பொது இணையக் களஞ்சியத்தில் 40 படங்கள் ஏற்றினேன். ஏற்றும்போது 'உரிமம்' என்று ஒரு பட்டியல் வந்தது. முதலில் இருந்ததையே தேர்ந்தெடுத்துவிட்டேன். பிறகு பார்த்தால் அது 'சிசி பை 4.0'. இப்போது என் மீன்கொத்திப் படம் ஒரு நாட்காட்டியில் அச்சாகி விற்பனையில் இருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை, காசும் வரவில்லை. கேட்டால், "நீங்கள்தானே இலவசம் என்று போட்டீர்கள்" என்கிறார்கள். உரிமத்தை மாற்ற முடியுமா? இன்னும் 600 படங்களும் ஒலிப்பதிவுகளும் ஏற்றாமல் கையில் இருக்கின்றன. சில பதிவுகளில் ஒரு பெரியவர் பறவைகளைப் பற்றிப் பேசுகிறார்; சில பதிவுகள் என் நண்பர் செய்தவை. இவற்றை என்ன நிபந்தனையில் போடுவது? காப்புரிமை பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: நாட்காட்டிக்காரர்கள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். படைப்புகளைப் பொதுவில் பகிர ஆயத்த உரிமங்கள் எழுதித் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக 'சிசி') அமைப்பின் ஆறு உரிமங்களில் சிசி பைதான் மிகத் தாராளமானது. அதில் வணிகத்துக்குத் தடையே கிடையாது. படத்தை அச்சிடலாம், வெட்டலாம், நிறம் மாற்றலாம், விற்கலாம். உங்களைக் கேட்கவும் வேண்டாம், காசு தரவும் வேண்டாம்.

மீதிப் பாதிதான் உங்கள் பிடி. நீங்கள் 'இலவசம்' என்று போடவில்லை. 'பெயரைச் சொல்லிப் பயன்படுத்து' என்று போட்டீர்கள். அந்த 'பை' என்பதற்கு அதுதான் பொருள். நீங்கள் கொடுத்திருக்கும் பெயர், உரிமத்தின் பெயரும் இணைப்பும், மூலப் படத்தின் இணைப்பு, படத்தை மாற்றியிருந்தால் அதைச் சொல்லும் குறிப்பு: 4.0 பதிப்பு கேட்பது முக்கியமாக இவ்வளவுதான். நாட்காட்டியின் கடைசித் தாளில் "மார்ச் மாதப் படம்: இன்னார், சிசி பை 4.0, ஓரங்கள் வெட்டப்பட்டவை" என்று பொடி எழுத்தில் ஒரு வரியும் இரண்டு இணைப்புகளும் போட்டிருந்தால் நீங்கள் வாயே திறக்க முடியாது. அவர்கள் அதைப் போடவில்லை. போடாததால் அவர்களுக்கு இருந்த உரிமம் தானாகவே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடப்பது பதிப்புரிமை மீறல். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு நிபந்தனை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவர்கள் வாதாடினால், 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில் சொன்னதை எடுத்துக்காட்டலாம். காசு வாங்காமல் பொதுவில் விட்ட திறமூல மென்பொருளாக இருந்தாலும், அதன் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்றது அந்தத் தீர்ப்பு. மற்ற நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது என்றாலும் வாதத்துக்கு உதவும்.

இதில் ஒரு நாள் கணக்கு உண்டு. மீறல் தன் கவனத்துக்கு வந்த 30 நாளுக்குள் பயன்படுத்தியவர் அதைச் சரிசெய்துவிட்டால், 4.0 பதிப்பில் உரிமம் தானாகவே மீண்டும் உயிர்பெறும். அதுவரை நடந்த மீறலுக்கு நிவாரணம் கேட்கும் உங்கள் உரிமை அப்படியே இருக்கும். அதனால் தொலைபேசியில் சண்டை போடாதீர்கள். எழுத்தில் அனுப்புங்கள், அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதிக்கு ஆதாரம் இருக்கட்டும். அனுப்புவதற்கு முன்னால் நாட்காட்டி ஒன்றை ரசீதோடு வாங்கி வையுங்கள். விற்பனைப் பக்கத்தையும் களஞ்சியத்தில் உங்கள் படம் உள்ள பக்கத்தையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள்.

கடிதத்தில் என்ன கேட்பது? விற்காமல் இருக்கும் பிரதிகளில் பெயர் ஒட்டி, விற்பனைப் பக்கத்தில் பெயர் சேர்த்து, இதுவரை விற்றதற்கு நியாயமான ஒரு தொகை. 'நியாயமான' என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். 30 நாள் அவகாசம் இல்லாத பழைய பதிப்பு உரிமங்களில் படத்தைப் போட்டுவிட்டு, யாராவது பெயரைப் போடாமல் விடுவார்களா என்று காத்திருந்து, பெரிய தொகைக்கு நோட்டீஸ் அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தோடு உங்களையும் சேர்த்துப் பார்க்கும்படி நடந்துகொள்ள வேண்டாம்.

உரிமத்தை மாற்ற முடியுமா என்றால், ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்களைப் பொறுத்தவரை முடியாது. திரும்பப் பெற முடியாதது என்று உரிமத்தின் வாசகமே சொல்கிறது. நாளைக்கே நீங்கள் படத்தைக் களஞ்சியத்திலிருந்து நீக்கலாம், வேறு உரிமம் போடலாம். ஆனால் நிபந்தனையை மதித்துப் பயன்படுத்துகிறவரின் உரிமையும், அவரிடமிருந்து பிரதி பெற்றவரின் உரிமையும் தொடரும். ஏற்றும் பக்கத்தில் பத்து நொடியில் கடந்துபோகிற அந்தப் பட்டியல், பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். அந்த 40 படங்களையும் கொடுத்தது கொடுத்ததுதான் என்று விட்டுவிடுங்கள்.

இனி அந்த 600. கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அடுத்த முறை நேராக 'என்சி'க்கு, அதாவது வணிகத்துக்குத் தடை போடும் உரிமத்துக்கு ஓடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். பெயரைக்கூடப் போடாமல் அச்சடித்தவர், என்சி என்ற இரண்டு எழுத்தைப் பார்த்துப் பயந்திருப்பாரா? அதைப் பார்த்துப் பயந்து விலகுகிறவர் யோக்கியமானவர்தான்: தன் வலைப்பக்கத்தில் நாலு விளம்பரம் வைத்திருக்கும் பறவை ஆர்வலர், சிறிய விலைக்குக் கையேடு போடும் சங்கம். விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் போகும் பொதுக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் என்சி உரிமத்தை ஏற்பதே இல்லை. எனவே விக்கிப்பீடியாவின் மீன்கொத்திக் கட்டுரைக்கு உங்கள் படம் அங்கிருந்து போகாது. போதாததற்கு, எது வணிகம் என்பதிலேயே தகராறு வரும். என்சி உரிமத்தில் இருந்த பாடப்புத்தகத்தைப் பள்ளிகளுக்காகக் காசு வாங்கிக்கொண்டு நகலெடுத்துக் கொடுத்த கடைமீது வழக்குப் போனது. 2018இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அது மீறல் அல்ல என்றது. பயன்பாடு பள்ளிகளுடையது, கடை அவர்களுக்காக வேலை செய்தது, அவ்வளவுதான்.

'எஸ்ஏ' சேர்த்தால், உங்கள் படைப்பை மாற்றி வெளியிடுகிறவர் அதையும் அதே உரிமத்தில் பொதுவுக்குத் தர வேண்டும். நல்ல நிபந்தனை, ஆனால் அதற்கு இல்லாத பலத்தை எதிர்பார்க்காதீர்கள். எஸ்ஏ உரிமத்தில் இருந்த ஒரு புகைப்படம் வரைபட நூலின் அட்டையில் வந்த வழக்கில், நூல் முழுவதையும் அந்த உரிமத்தில் தரத் தேவையில்லை என்று 2015இல் தீர்ப்பானது. நாட்காட்டிக்கும் ஏறக்குறைய அதே கதிதான். மாற்றிய வடிவத்தைப் பகிரத் தடை செய்யும் 'என்டி' உங்களுக்கு வேண்டவே வேண்டாம்; காற்றின் இரைச்சலை நீக்கிய குரல் பதிவைக்கூட யாரும் பகிர முடியாமல் போகலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "என் பெயர் எங்கும் இல்லை" என்பது முதலில் வருகிறது, காசு அதன் பின்னால் வருகிறது. அந்த வரிசை உண்மையானால் பெரும்பகுதியை 'சிசி பை-எஸ்ஏ 4.0' என்று போடுங்கள். விற்க நினைக்கும் நல்ல படங்களை, இருபதோ முப்பதோ, ஏற்றவே வேண்டாம். காசுதான் முக்கியம் என்றால் என்சி போட்டு, "வணிகப் பயன்பாட்டுக்கு என்னை அணுகவும்" என்று பக்கத்தில் எழுதுங்கள். பொதுவுக்குக் கொடுத்த பிறகும் தனியாக ஒருவருக்குக் காசுக்கு அனுமதி தரலாம். 'உனக்கு மட்டும்தான்' என்று எழுதித் தர மட்டும் முடியாது. சிறிய அளவுப் படத்தை இலவசமாகப் போட்டு, பெரியதைப் பூட்டி வைக்கும் உத்தியை நம்பாதீர்கள். சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒரே படைப்பு என்றால் உரிமம் பெரியதையும் சேர்த்தே பிடிக்கலாம்.

பெரியவர் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. உங்கள் உரிமம் உங்களிடம் இருப்பதைத்தான் கொடுக்கும். அவருடைய தனியுரிமையும், தன் குரலை விளம்பரத்தில் போட அனுமதிக்கும் உரிமையும் உங்களிடம் இல்லை. 2007இல் ஒரு பதின்வயதுப் பெண்ணின் படத்தை அவளுக்குத் தெரிந்தவர் பிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் சிசி பை உரிமத்தில் போட, ஆஸ்திரேலியாவில் ஒரு மொபைல் நிறுவனம் அதை விளம்பரப் பலகையில் கேலி வாசகத்தோடு வைத்தது. படமெடுத்தவர் கொடுத்த உரிமம் சரியாகவே இருந்தது. அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. குடும்பம் அமெரிக்காவில் போட்ட வழக்கு, எந்த ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்ற கேள்வியிலேயே தள்ளுபடியானது. பெரியவரிடம், "யார் வேண்டுமானாலும் கேட்பார்கள், வெட்டி ஒட்டுவார்கள், விற்கவும் செய்வார்கள்" என்று அவருக்குப் புரிகிற பேச்சில் சொல்லுங்கள். சரி என்றால் எழுதி வாங்குங்கள், அல்லது அவர் சொல்வதையே பதிவு செய்யுங்கள். தயங்கினால் அந்தப் பதிவுகளை விட்டுவிடுங்கள்.

நண்பர் தனியாகச் செய்த பதிவு நண்பருடையது. சேர்ந்து செய்தது இருவருடையது. களஞ்சியத்தில் ஏற்றும்போது "இதற்கு உரிமை எனக்கு உண்டு" என்று உறுதி சொல்லப்போவது நீங்கள். நாளைக்குப் பிரச்சினை வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். எந்தப் பதிவுகள், எந்த உரிமம், அவர் பெயர் எப்படி வர வேண்டும் என்று மூன்று வரி மின்னஞ்சலில் அவர் சம்மதம் தந்தால் போதும்.

கடைசியாக, 'காப்புரிமை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பேட்டன்ட், கண்டுபிடிப்புகளுக்கானது. உங்களுடையது பதிப்புரிமை. பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள 180க்கும் மேற்பட்ட நாடுகளில், படம் எடுத்த கணத்திலேயே பதிவு இல்லாமல் அது வந்துவிடுகிறது. சில நாடுகளில் வழக்குப் போடும்போது பதிவு கைகொடுக்கும். இப்போது அதற்கு அவசரமில்லை. அவசரமானது அந்தக் கடிதம். நாட்காட்டிக்குப் பருவம் முடிந்தால் ஸ்டிக்கர் ஒட்டப் பிரதி மிச்சம் இருக்காது.