ஊருக்கு வரும் கோடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜூலையில் ஐந்து வார விடுமுறைக்கு ஊருக்கு வருகிறோம். என் பிறந்த வீடு தஞ்சாவூரில், புகுந்த வீடு தென்காசியில். சென்ற முறை எல்லா உறவினர் வீட்டுக்கும் போய்வந்ததில் பிள்ளைகள் களைத்துப்போனார்கள். ஒருவர் முகமும் அவர்கள் நினைவில் நிற்கவில்லை. யார் மனமும் நோகாமல் இந்த முறை எப்படித் திட்டமிடலாம்?
– வாசகி, நியூஜெர்சி

பதில்: ஒரு வீட்டில் அரை மணி நேரம், ஒரு காப்பி, "எவ்வளவு வளர்ந்துவிட்டான்!" என்றொரு வியப்பு, பிறகு அடுத்த வீடு என்று போய்வருவது பெரியவர்களுக்குக் கடமையை முடித்த நிறைவைத் தரலாம், பிள்ளைகளுக்கு அதில் ஒட்டுதல் ஏற்படாது. ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, சண்டையிட்டு, மறுநாள் சமாதானமாகி விளையாடியவர்களைத்தான் அவர்கள் உறவாக நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஆகவே ஐந்து வாரங்களையும் தஞ்சாவூர், தென்காசி என்ற இரண்டு வீடுகளுக்கு மட்டும் பிரித்துக்கொடுங்கள்.

தமிழ்நாட்டில் பள்ளிகள் ஜூன் மாதமே திறந்துவிடுவதால், நீங்கள் வரும்போது அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் சீருடை அணிந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பலர் இதை ஒரு குறையாக எண்ணி, வாரநாள்களை ஊர் சுற்றுவதில் கழித்துவிடுகிறார்கள். எனக்கோ இது நல்வாய்ப்பாகவே தோன்றுகிறது. காலையில் சாப்பாட்டு டப்பா கட்டும் பரபரப்பு, மாலையில் பள்ளி வண்டிக்காகத் தெருமுனையில் காத்திருப்பது, இரவில் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஆகிய இவையெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்கு வேறெங்கும் கிடைக்காதவை. சனி, ஞாயிறுகளை அந்தந்த ஊருக்கு உரியவற்றுக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் குற்றாலத்தில் சாரல் காலம். அத்தை பிள்ளைகளோடு அருவியில் நனைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து வீடுகளுக்குப் போய்வந்ததைவிட நெடுநாள் நிற்கும். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுவது மரபு. அவ்வாறு திறக்கப்பட்ட ஆண்டாக இருந்தால், தஞ்சைப் பக்கத்து ஆறுகளில் நீர் ஓடுவதையும் பிள்ளைகள் பார்க்கலாம்.

மற்ற உறவினர்களை ஒரு ஞாயிறன்று உங்கள் பிறந்த வீட்டுக்கும், இன்னொரு ஞாயிறன்று புகுந்த வீட்டுக்கும் மதிய உணவுக்கு அழையுங்கள். நம் குடும்பங்களில் மனத்தாங்கல் பெரும்பாலும் வராததால் ஏற்படுவதைவிட, முறைப்படி சொல்லாததால் ஏற்படுவதே அதிகம். எனவே குடும்பத்தில் மூத்தவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொருவரையும் நீங்களும் உங்கள் கணவருமே தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடும் ஒரு செய்தி அதற்கு ஈடாகாது. நடமாட முடியாத பெரியவர்களின் வீடுகளுக்கு மட்டும் நேரில் போய், அங்கே அரை நாளாவது இருந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: விடுமுறைக்கு வரும் பேரனும் பேத்தியும் நான் தமிழில் பேசினால் புரிந்துகொள்கிறார்கள், பதிலை ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாது. அவர்களோடு எப்படி நெருங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, முதலில் ஒன்றை வேண்டிக்கேட்டுக்கொள்கிறேன். வந்தவர்கள் முன்னால் நிறுத்தி, "தமிழில் சொல்லு, பார்க்கலாம்" என்று யாரும் அவர்களைச் சோதிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தவறாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்துவிட்டால், பிள்ளைகள் மீண்டும் வாய் திறக்கத் தயங்குவார்கள். நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசுவதைவிடக் கைக்கு ஒரு வேலையைக் கொடுத்துப் பேசுவது எளிது. கோலத்துக்குப் புள்ளி வைக்கும்போதும், பூத் தொடுக்கும்போதும், பல்லாங்குழி ஆடும்போதும் எடு, வை, எண்ணு, இன்னொன்று என்ற சொற்களே திரும்பத் திரும்ப வருவதால், அவை தாமாகவே அவர்கள் நாவில் ஏறிவிடும். இரவில் அவர்களுடைய அப்பா சிறுவயதில் செய்த குறும்புகளைச் சொல்லுங்கள். அந்தக் கதைகளை உங்களிடம் மட்டுமே அவர்கள் கேட்க முடியும்.

கேள்வி: ஆடி மாதம்தான் எங்களுக்கு விடுமுறை கிடைக்கிறது. குடும்பத்தார் எல்லோரும் கூட அந்த மாதம் ஏற்றதா?
– வாசகர், டொராண்டோ

பதில்: திருமணம் போன்ற முகூர்த்தங்களைத்தான் ஆடியில் தவிர்க்கிறார்கள், ஒன்றுகூடுவதற்குத் தடையேதும் இல்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதும் கூழ் ஊற்றுவதும் பல குடும்பங்களில் ஆடியில்தான் நடக்கின்றன. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆடிப்பெருக்கும் வருகிறது. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் மண்டபமும் சமையல்காரரும் எளிதாகக் கிடைப்பார்கள்.

கேள்வி: மகளின் பள்ளியில் ஆண்டுதோறும் ஒரு படிவம் தருகிறார்கள். பெற்றோரை அழைக்க முடியாத அவசரத்தில் குழந்தையை அழைத்துப்போகக்கூடிய இருவரின் பெயரை அதில் எழுத வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அந்த இடத்தில் என் பேனா நின்றுவிடுகிறது. இங்கே எங்களுக்கு யாரும் இல்லை.
– வாசகி, டெக்சாஸ்

பதில்: ஊரில் இருந்திருந்தால் சித்தியின் பெயரையும் பெரியப்பாவின் பெயரையும் யோசிக்காமல் எழுதியிருப்பீர்கள், உங்கள் வருத்தம் மிக நியாயமானது. ஆனாலும் அந்த இடத்தை நிரப்பத்தான் வேண்டும். தமிழ்ச் சங்க விழாக்களில் நூறு பேரைச் சந்தித்தாலும், காய்ச்சலில் நீங்கள் இருவரும் படுத்துவிட்ட நாளில் வாசலில் ரசம் கொண்டுவந்து வைப்பவர்கள் ஓரிரு குடும்பத்தினரே. அவர்கள் தமிழராக இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து நிமிடத் தொலைவில் இருக்க வேண்டும், நீங்கள் அவர்களிடம் உதவி கேட்கத் துணிய வேண்டும். முதலில் உங்கள் பெயரை அவர்கள் பிள்ளையின் படிவத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அதன்பின் அவர்கள் பெயரை எழுத உங்களுக்கும் கூச்சம் இராது.

ஊர் உறவுகளுக்கு மாதமொருமுறை ஒரு மணி நேரம் பேசுவதைவிட, வாரந்தோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பேசுவது நல்லது. கோடையில் உங்கள் சனிக்கிழமை காலை எட்டு மணி, ஊரில் மாலை ஆறரை மணி; விளக்கேற்றி எல்லோரும் வீட்டில் இருக்கும் வேளை. நவம்பரில் உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தபின் அது ஏழரை ஆகிவிடும் என்பதை முன்கூட்டியே பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் காத்திருந்து கவலைப்படுவார்கள்.

கேள்வி: அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது முதல் எல்லாம் என் பொறுப்பு. அண்ணன் வரும் மூன்று வாரங்கள் மட்டும் வீடே திருவிழாவாகிவிடுகிறது. அப்போதும் சமையலறையில் நிற்பது நான்தான். இதைச் சொன்னால் பொறாமை என்கிறார்கள்.
– வாசகி, சென்னை

பதில்: இது பொறாமை அன்று. ஆண்டு முழுவதும் அருகில் இருப்பவரின் உழைப்பு பழகிப்போய்க் கண்ணில் படாமல் போகிறது. அரிதாக வருபவரின் வருகை ஒளிவிடுகிறது. உங்கள் அண்ணனும் இதை அறியாமலே இருக்கக்கூடும், ஏனெனில் அவர் பார்ப்பது அந்த மூன்று வாரங்களை மட்டுமே.

அவர் வந்து கூட்டம் கூடிய பிறகு பேசாதீர்கள். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே பேசுங்கள். "அண்ணா, இந்த முறை அம்மாவின் கண் பரிசோதனை, சர்க்கரைப் பரிசோதனை, வங்கி வேலை மூன்றையும் நீங்கள் வரும் நாள்களில் வைத்திருக்கிறேன், நீங்களே கூடப் போய்வாருங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். மருத்துவரின் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தவருக்கு, உங்கள் ஆண்டு எப்படிக் கழிகிறது என்று யாரும் விளக்கத் தேவையிராது. உறவினர் கூடும் நாளில் சாப்பாட்டை வெளியே சொல்லிவிடுங்கள். அந்தச் செலவை அண்ணன் ஏற்பதில் தவறில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்த மூன்று வாரங்களில் ஒரு வாரம் அம்மாவை அண்ணனிடமும் அண்ணியிடமும் விட்டுவிட்டு, நீங்கள் உங்கள் குடும்பத்தோடு வெளியூர் போய்வாருங்கள். அம்மாவின் மாத்திரை வேளைகளையும் மருத்துவரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். அம்மா முதலில் முகம் சுளித்தாலும், மகனோடு ஏழு நாள் தனியாக இருப்பதில் அவருக்கும் மகிழ்ச்சி இருக்கும்.