கணினி கேள்வி பதில்: மே 1 ஏன் ஏப்ரல் 30 ஆகிறது?

கேள்வி: கோத்தகிரியில் சிறிய விடுதி நடத்துகிறோம். அக்காள் மகன் முன்பதிவுப் படிவம் எழுதிக் கொடுத்தான். விருந்தினர் மே 1 என்று தேர்ந்தெடுத்தால் எங்கள் பட்டியலில் ஏப்ரல் 30 என்று விழுகிறது. சீசன் நேரத்தில் ஓர் இரவு முழுக்க அறை பூட்டிக் கிடக்கிறது. மறுநாள் குடும்பமே பெட்டியோடு வந்து நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து என் மகன் பதிவு செய்தால் மட்டும் தேதி சரியாக வருகிறது. ஏன்? – வாசகி, கோத்தகிரி

பதில்: கோளாறு எங்கே என்று உங்கள் மகன் காட்டிக் கொடுத்துவிட்டார். படிவத்தில் உள்ள நாள்காட்டி, மே 1 என்பதை ‘மே 1, நள்ளிரவு 12 மணி’ என்று நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. அனுப்பும்போது அக்காள் மகன், உலாவியில் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டின் ‘டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்’ (toISOString) கட்டளையைப் பயன்படுத்தியிருப்பார். அது எதையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றித்தான் தரும். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி இருக்கிறோம். நமக்கு நள்ளிரவு என்றால் அந்தக் கணக்கில் ஏப்ரல் 30 மாலை 6.30. அதில் தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஏப்ரல் 30தானே வரும்? அமெரிக்கா பொது நேரத்துக்குப் பிந்தி இருப்பதால் அங்கே நள்ளிரவு என்பது அதே தேதியின் காலை. அதனால் மகனுக்கு மட்டும் சரியாக வருகிறது.

அறை வாடகைக்கு வேண்டியது நாள்; மணியும் நிமிடமும் எதற்கு? ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியே எடுத்து ‘2025-05-01’ என்று எழுத்தாகவே அனுப்பச் சொல்லுங்கள். மாதத்தோடு ஒன்றைக் கூட்ட வேண்டும்: ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி 0, மே 4. இந்த விசித்திரத்தை யாரும் இனி மாற்றப்போவதில்லை. பதிவுகளைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளத்திலும் நேரம் இல்லாத வெறும் தேதி வகையே போதும்.

உலாவியிலேயே உள்ள தேதிப் பெட்டியைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. திரையில் நாள் முதலில் தெரிந்தாலும் மாதம் முதலில் தெரிந்தாலும், அது அனுப்புவது எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில்தான்.

கேள்வி: எங்கள் படிவத்தில் மூன்று பக்கங்கள்: தேதிகள், ஆட்கள், பணம். மூன்றாம் பக்கம் வரை போனவர் திரும்பி வந்து, வரும் நாளை 10-லிருந்து 14-ஆக மாற்றுகிறார். புறப்படும் நாள் 12-ஆகவே நிற்க, பணமும் கட்டிவிடுகிறார்! – வாசகர், கொடைக்கானல்

பதில்: ‘அடுத்து’ பொத்தானில் மட்டும் சோதனை வைத்திருக்கிறீர்கள், அவர் வேறு வழியாக மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டார். வரும் நாள் மாறிய உடனே புறப்படும் நாளின் கீழ் எல்லையும் மாற வேண்டும். பழைய தேதியைச் சொல்லாமல் அழித்துவிடாதீர்கள். ‘புறப்படும் நாள் 15 அல்லது அதற்குப் பிறகு இருக்க வேண்டும்’ என்று அந்தப் பெட்டிக்குக் கீழேயே காட்டுங்கள். மேலே சிவப்பில் ‘பிழை’ என்று மட்டும் போடும் படிவங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

பணம் வாங்கும் முன் எல்லாப் பக்கங்களையும், படிவம் வந்து சேரும் கணினியான சர்வரில் இன்னொரு முறை சோதித்தே ஆக வேண்டும். உலாவியில் வைக்கும் சோதனையை யாரும் தாண்டிவிடலாம். சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் பொது நேரத்தில்தான் ஓடும். நள்ளிரவு முதல் காலை 5.30 வரை அதற்கு நேற்றைய தேதிதான். ‘இன்று’ என்பதை இந்திய நேரப்படி கணக்கிடாவிட்டால், அந்த வேளையில் முடிந்துபோன நாளுக்கும் அறை பதிவாகும். சுற்றுலா வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். உங்கள் ரசீதில் உள்ள தேதியைப் பார்த்துத்தான் பலர் அதற்கு விண்ணப்பிப்பார்கள்.

கேள்வி: என் மாமனாரின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கிறது. விடுதியில் முதியோர் சலுகை கேட்டால் முன்பதிவுப் படிவம் முழுத் தேதி கேட்கிறது. – வாசகி, குன்னூர்

பதில்: ஜனவரி 1 என்று பொய்யாகப் போட வைப்பது படிவம் எழுதியவரின் குற்றம். நாள், மாதம், ஆண்டு என்று தட்டச்சு செய்யும் மூன்று பெட்டிகள் வைத்து, ஆண்டை மட்டும் கட்டாயமாக்கலாம். முழுத் தேதி தருபவர்களுக்கு ஏப்ரல் 31 போன்றவற்றைத் தனியே சோதிக்க வேண்டும்; ஜாவாஸ்கிரிப்ட் அதை முணுமுணுக்காமல் மே 1 ஆக்கிவிடும். சலுகைக்கு மட்டும்தான் என்றால் பிறந்த தேதியே தேவையில்லை. ‘60 வயது நிறைந்தவரா?’ என்று கேட்டுவிட்டு, வந்து இறங்கும்போது அட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அந்த விடுதிக்கு எழுதுங்கள்.