பெயரை மாற்றலாம், பெண்டாட்டி பிள்ளையை மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். நடிக்க வேண்டும் என்று சென்னைக்கு வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒருவனாக, போலீஸ்காரனாக, கதாநாயகனின் நண்பர்களில் நான்காவது ஆளாக வந்திருக்கிறேன். வசனம் கிடைத்தது இரண்டே படங்களில். மற்ற நாட்களில் உணவு டெலிவரி வேலை. சமீபத்தில் ஒரு மேனேஜர் அறிமுகமானார். என் பெயர் கிராமத்துச் சாமியின் பெயர், அது எடுபடாது. எண் கணிதப்படி புதுப் பெயர் வைக்க வேண்டும். வயது 26, வளர்ந்தது பெங்களூர், திருமணம் ஆகவில்லை என்று புரொஃபைல் தயாரிக்க வேண்டும் என்கிறார். புகைப்படங்களும் சேர்த்து 75,000 ரூபாய். முன்பணமாக 25,000 கொடுத்துவிட்டேன். போட்டோ எடுக்கும் இடத்துக்கு மனைவியும் ஆறு வயது மகளும் சாப்பாடு கொண்டுவந்தார்கள். மகள் 'அப்பா' என்று ஓடிவந்தாள். 'யார் இந்தப் பாப்பா?' என்று அங்கிருந்த ஒருவர் கேட்க, 'அண்ணன் மகள்' என்றார் மேனேஜர். நானும் தலையாட்டினேன். அன்றிலிருந்து மனைவி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஜெயித்த பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நான் செய்வது தவறா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை-93

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

பெயர், வயது, ஊர், குடும்பம் என்று நான்கு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, மொத்த விலை சொல்லி உங்கள் தலையில் வைத்திருக்கிறார் அந்த மேனேஜர். மூட்டையைப் பிரித்துவிடுவோம். அதில் பெயர் ஒன்றைப் பற்றி மட்டும் எனக்கு உங்களோடு சண்டை இல்லை.

பெயர் மாற்றுவது நம் சினிமாவில் பாவமும் இல்லை, புதிதும் இல்லை. சிவாஜி ராவ் கெய்க்வாட் என்ற இளைஞர் வந்தபோது இங்கே ஏற்கெனவே ஒரு சிவாஜி சிகரம்போல இருந்தார். 1975இல் பாலசந்தர் அவரை ரஜினிகாந்த் ஆக்கினார். சரவணன் என்று ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால், 1997இல் இன்னொரு சரவணனுக்கு மணிரத்னம் சூர்யா என்று பெயர் வைத்தார். சூர்யாவின் அப்பா சிவகுமாரே பழனிசாமியாக இருந்தவர்தான். இதிலெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது: இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் போஸ்டரில் குழப்பம் வரும். சிவாஜி கணேசன் கதை இன்னும் அழகு. அண்ணாவின் நாடகத்தில் வி.சி. கணேசன் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் கொடுத்த பெயர் அது. முதலில் நடிப்பு, பிறகு பெயர்.

உங்கள் பெயர் 'எடுபடாது' என்று சொன்னாரே, அந்தச் சொல்லை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். பல இடங்களில் அதற்குப் பின்னால் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்ற பழைய விசாரணை ஒளிந்திருக்கும். பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்படுகிறது என்பது உண்மைதான், இங்கே மட்டுமல்ல. இங்கிலாந்தில் குஜராத்தி வம்சாவளித் தந்தைக்குப் பிறந்த கிருஷ்ணா பாஞ்சி, பென் கிங்ஸ்லி என்று பெயர் மாற்றிய பிறகுதான் வேலை வரத் தொடங்கியது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பென் கிங்ஸ்லிதான் 1982இல் காந்தியாக நடித்து ஆஸ்கர் வாங்கினார். ஆகவே வசதிக்காக நீங்கள் ஒரு திரைப்பெயர் வைத்துக்கொண்டால் உங்கள் குலசாமி கோபித்துக்கொள்ளாது. ஆனால் அதற்கு 75,000 ரூபாய் எதற்கு? நல்ல பெயர் ஒன்றை நீங்களும் மனைவியும் உட்கார்ந்து ஒரு சாயங்காலத்தில் யோசித்துவிடலாம்.

எண் கணிதம் பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். கென்னடி என்று வீட்டில் அழைக்கப்பட்டவர் விக்ரம் என்ற பெயரோடு முதல் படத்தில் நடித்தது 1990இல். அவரைத் தூக்கி நிறுத்திய 'சேது' திரைக்கு வந்தது 1999 டிசம்பரில். நடுவில் ஒன்பது ஆண்டுகள். அதே பெயர், அதே எழுத்துகள், அதே கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகை ஒன்பது ஆண்டுகள் தூங்கிக்கொண்டிருந்ததா? விக்ரம் தூங்கவில்லை. மலையாளத்திலும் தெலுங்கிலும் கிடைத்ததில் நடித்தார். மற்ற நடிகர்களுக்கு டப்பிங் பேசினார். 1993இல் அஜித் தமிழில் அறிமுகமானபோது ரசிகர்கள் கேட்டது விக்ரமின் குரலை. அடுத்த ஆண்டு பிரபுதேவாவுக்கும் அவர்தான் பேசினார். இன்னொருவர் முகத்துக்குத் தன் குரலைக் கொடுத்துவிட்டு இருட்டில் நிற்பது எவ்வளவு கசப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் மைக் முன்னால் நின்று, அடுத்தவரின் உதட்டசைவுக்கு மூச்சைப் பிடித்துப் பேசிப் பழகியவருக்கு அந்தப் பயிற்சி வீண்போகாது. உங்கள் கடிதத்தில் பெயரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது நடிப்புப் பயிற்சி செய்தீர்கள் என்று ஒரு வரி இல்லையே, தம்பி.

இனி ஊரும் வயதும்.

ரஜினிகாந்த் பெயரை மாற்றினாரே தவிர, பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்ததை மறைக்கவில்லை. அதை அவரும் சொன்னார், ஊரும் சொன்னது. கடைசியில் அந்தக் கண்டக்டர் கதைதான் அவர் படங்களைவிட அதிகமாகச் சொல்லப்பட்ட கதையாக ஆனது. உங்களையோ அறந்தாங்கியை மறைத்துப் பெங்களூரில் வளர்ந்ததாகச் சொல்லச் சொல்கிறார்கள். பெங்களூர்ப் பையன்கள் போதுமான அளவு வருகிறார்கள். புதுக்கோட்டைச் சீமைப் பேச்சை நாக்கிலேயே வைத்திருப்பவர் எத்தனை பேர்? வடிவேலு மதுரைப் பேச்சைப் பஸ் நிலையத்திலேயே இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தால் நாமெல்லாம் எவ்வளவு சிரிப்பை இழந்திருப்போம்!

வயதில் பொய் சொல்வது வேலைக்கே ஆகாது. முதல் ஒப்பந்தம் போடும்போதே தயாரிப்பு நிர்வாகி ஆதார் நகலும் பான் எண்ணும் கேட்பார். சம்பளத்தில் டிடிஎஸ் என்ற வருமான வரியைப் பிடிக்க வேண்டும். வெளிநாட்டுப் படப்பிடிப்பு என்றால் பாஸ்போர்ட். 26 என்று சொன்னவர் 33 வயதுக்கான காகிதத்தை நீட்டும் அந்த நிமிடத்தில், உங்களைப் பற்றிய மற்ற எல்லாமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். புரொஃபைலில் உண்மையான வயதை எழுதி, 'திரையில் 25 முதல் 35 வரை' என்று சேர்த்துவிடுங்கள். இயக்குநர் பார்ப்பது முகத்தை. 33 ஒன்றும் முடிந்துபோன வயதும் இல்லை. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம் வந்த 1947இல் அவருக்கு வயது 30. விஜய் சேதுபதி துபாயில் கணக்கு வேலை பார்த்துவிட்டு வந்து, கூட்டங்களில் முகம் தெரியாமல் நின்று, 2010இல் கதாநாயகனானபோது அவருக்கு வயது 32. அப்போது அவர் குடும்பஸ்தர். படம் பார்த்தவர்கள் யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

நிறத்தை வெளுப்பாக்கிய புகைப்படம் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்த 75,000க்குள் அதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தில் ஒருவராகவும் நேரில் இன்னொருவராகவும் ஆடிஷனுக்குப் போனால் வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள்.

நான்காவதுதான் என்னை உட்காரவைத்து எழுதவைத்தது. 'ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்கிறீர்கள். அப்படி நினைத்திருக்கக்கூடிய ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள்.

1911இல் பம்பாயில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண் அவர். அங்கே டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தார். சினிமாக் கனவோடு லண்டன் போனவர் மெர்ல் ஓபரான் ஆனார். அவரைப் பெரிய நடிகையாக்க முயன்றவர்கள், இந்திய ரத்தம் என்று தெரிந்தால் கதை முடிந்தது என்று கருதி, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் என்று எழுதிவிட்டார்கள். யார் அவ்வளவு தூரம் போய் விசாரிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். இனக்கலப்புக் காதலைத் திரையில் காட்டக் கூடாது என்று ஹாலிவுட் தனக்குத் தானே விதி எழுதி வைத்திருந்த காலம் அது. அந்தப் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கவே திறந்திருக்காது.

ஜெயித்தார். 1935இல் நடித்த படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை. ஆனால் வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அவரை வளர்த்த சார்லட் என்ற பெண்மணி இலங்கையில் பிறந்தவர், நிறமே காட்டிக்கொடுத்துவிடும். மெர்ல் 'அம்மா' என்று அழைத்து வளர்ந்தது அவரைத்தான் (ரத்த உறவில் அவர் பாட்டி என்பது பிற்பாடு வெளிவந்தது). அந்த அம்மாள் மகளோடு லண்டனில் இருந்தார். விருந்தாளிகள் வந்தால் வேலைக்காரியாக அறிமுகமானார். 1937இல், மகள் புகழின் நடுவில் இருக்கும்போது, இறந்தும்போனார். மகள் ஜெயித்துக்கொண்டேதான் இருந்தார். சொல்வதற்கான நாள் வரவில்லை. ஜெயித்தவருக்கு இழப்பதற்கு இன்னும் நிறைய இருந்தது. 1978இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரம் 'எங்கள் ஊர் நட்சத்திரம்' என்று அழைத்து வரவேற்பு கொடுத்தது. பிறக்காத ஊரில் நின்று அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மறு ஆண்டு காலமானார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வேறு யாரோ அவர் கதையைப் புத்தகமாக எழுதினார்கள்.

போட்டோ எடுக்கும் இடத்தில் உங்கள் மகள் 'அண்ணன் மகள்' ஆனாள் அல்லவா? பொய்யைச் சொன்னது மேனேஜர், தலையாட்டியது நீங்கள். ஆனால் அதை நடித்துக்காட்ட வேண்டியது யார்? ஆறு வயதுக் குழந்தை. இன்று சாப்பாடு கொண்டுவரும்போது, நாளை படத்தின் பூஜையில், நாளன்றைக்குப் பள்ளி விண்ணப்பத்தில். உங்கள் மனைவியோ இன்னும் கஷ்டமான வேடத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அவரிடம் யாரும் கேட்கவில்லை, சம்பளமும் கிடையாது. நீங்கள் நடிகராக இருப்பதற்கு டெலிவரி வருமானத்தையும் அவர் பொறுமையையும் சேர்த்துத்தான் இத்தனை ஆண்டுகள் முதலீடு போட்டிருக்கிறீர்கள். அவர் பேசாமல் இருப்பதை நான் கோபம் என்றுகூடச் சொல்லமாட்டேன். தனக்கு அந்தப் புரொஃபைலில் எந்த இடம் என்று உங்கள் வாயிலிருந்து வரக் காத்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

மெர்ல் ஓபரானுக்கு இருந்த நெருக்கடி உங்களுக்கு இல்லை, தம்பி. திருமணமான நடிகரை வேண்டாம் என்று சொல்லும் சட்டம் கோடம்பாக்கத்தில் இல்லை. மேனேஜரின் புரொஃபைலில்தான் இருக்கிறது.

என்ன செய்வது? இன்றைக்கே மனைவியிடம் பேசுங்கள். 'தலையாட்டியது தவறு' என்று நேராகச் சொல்லுங்கள். சூழ்நிலை, மேனேஜர், அவசரம் என்று முன்னுரை வேண்டாம். மகளை அழைத்துக்கொண்டு போய் அந்த போட்டோக்காரரிடம் 'இவள் என் மகள்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். குழந்தைக்கு இருக்காது.

திரைப்பெயர் வைத்துக்கொண்டால் அது டைட்டிலில் இருக்கட்டும். அதற்காக அரசிதழில் விளம்பரம் செய்து ஆதாரையும் பள்ளிச் சான்றிதழையும் மாற்ற வேண்டியதில்லை. வங்கிக் கணக்கும் பான் எண்ணும் பழைய பெயரிலேயே ஓடட்டும். காசோலையை மட்டும் கணக்கில் உள்ள பெயருக்கே எழுதித் தரச் சொல்லுங்கள். மாரிஸ் மிக்கில்வைட் என்ற ஆங்கிலேயர் 1950களிலிருந்து மைக்கேல் கெய்ன் என்ற பெயரில் நடித்து, பிறகு உலகப் புகழ் பெற்றார். விமான நிலையச் சோதனைகளில் தொல்லை தாங்காமல் 2016இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகுதான், சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார். நீங்களும் அந்த அளவுக்குப் புகழ்பெற்ற பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கொடுத்த 25,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா? இருந்தால், எடுத்த புகைப்படங்களுக்கான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். ரசீது இல்லை என்றால் அது திரும்பி வருவது சந்தேகம். ஆனால் மிச்சம் 50,000 உங்கள் கையில்தானே இருக்கிறது? அதில் ஒரு பங்கை நல்ல நாடகக் குழுவின் பயிற்சிப் பட்டறைக்குக் கட்டுங்கள். ஊர்ப் பேச்சில் இரண்டு நிமிட நடிப்பைச் செல்போனிலேயே எடுத்து உதவி இயக்குநர்களுக்கு அனுப்புங்கள். வாய்ப்பு இருந்தால் டப்பிங்குக்கும் குரல் தேர்வு கொடுத்துப் பாருங்கள். எல்லாம் போக மீதமிருந்தால், மனைவியைக் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள்.