ரொறன்ரோவிலிருந்து அல்கொன்குவின் பூங்காவுக்குப் போகும்போது வரும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலை எப்படி? வழியில் மூஸ், அதாவது மான் இனத்திலேயே பெரிய அந்த மிருகத்தை, பார்க்க முடியுமா?

பார்க்கலாம். ஆனால் எல்லோரும் போகிற நேரத்தில் போகாதீர்கள்.

நம் ஆட்கள் செப்டெம்பர் கடைசியில், மேப்பிள் இலை சிவக்கும்போதுதான் படையெடுப்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சனி ஞாயிறுகளில் பார்ப்பது பாதி இலை, பாதி முன்னால் நிற்கும் காரின் பின்பக்கம். மூஸ் வேண்டுமென்றால் மே கடைசி, ஜூன் தொடக்கம், அதுவும் விடியற்காலை. குளிர்காலம் முழுக்க உப்புச் சப்பில்லாத குச்சிகளை மென்று கிடந்த மிருகம் அது. பனிக்காலத்தில் பனி உருக வீதிக்குப் போட்ட உப்பெல்லாம் கரைந்து ஓரத்துப் பள்ளங்களில் தேங்கியிருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கத்தான் காட்டை விட்டு வீதிக்கு வருகிறது. என்ன, அதே மாதங்களில் கறுப்பு ஈயும் வரும். கடிக்கும்போது தெரியாது, காதுக்குப் பின்னால் இரத்தம் வழியும்போதுதான் தெரியும்.

வழி சுலபம். 400ஆம் இலக்க நெடுஞ்சாலை, பிறகு 11, ஹன்ட்ஸ்வில் ஊரில் வலப்பக்கம் திரும்பினால் 60. அங்கேயே பெற்றோல் நிரப்பிவிடுங்கள், பூங்காவுக்குள் கிடைக்காது. ஃபோனும் பல இடங்களில் எடுக்காது. மேற்கு வாசல் பூச்சியம், கிழக்கு வாசல் 56ஆவது கிலோமீற்றர். உள்ளே எந்த இடத்துக்கும் முகவரி அந்த எண்தான். பார்வையாளர் மையம் 43இல். சும்மா கடந்து போனால் காசில்லை. நிறுத்தி நடக்கப் போவதென்றால் நாள் அனுமதி வேண்டும், இலையுதிர் காலத்தில் அதை முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். மூஸைப் பார்க்க ஆசைப்படுங்கள், இரவில் மட்டும் வேண்டாம். ஒருமுறை நாங்கள் கிளம்பப் பிந்திவிட்டது. எங்கள் மாமா 80க்குக் குறைவாகத்தான் ஓட்டினார். திடீரென்று வெளிச்சத்தில் நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. உடம்பு இருட்டோடு இருட்டாக மேலே நின்றது. மானைப்போலக் கண் மின்னவும் இல்லை. அவ்வளவு உயரத்துக்கு எங்கள் வெளிச்சம் எட்டவில்லை. அதில் மோதினால் கால் முறிந்து முழு உடம்பும் முன்கண்ணாடிக்குள் வந்து விழும். மாமா பிரேக் அடித்த அடியில் மாமி மடியில் வைத்திருந்த கச்சான் முழுக்கக் கார் தரையில். மூஸ் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆறுதலாக மற்றப் பக்கம் இறங்கிப் போனது.

அதன்பிறகு மாமா பொழுதுபடுமுன் எங்களைக் காரில் ஏற்றிவிடுவார்.