நுரை பொங்கினால் அழுக்கு போகுமா?

கேள்வி: வினிகரையும் சமையல் சோடாவையும் ஒரே பாட்டிலில் கலந்து வைத்துத் துடைக்கிறேன். கலக்கும்போது நன்றாகப் பொங்குகிறது. ஆனால் அடுப்புப் பிசுக்கும் போகவில்லை, குழாயில் படிந்த உப்புக்கறையும் போகவில்லை. ஏன்?

பதில்: கலந்ததுதான் காரணம். வினிகர் அமிலம், சோடா காரம். சேர்ந்தால் இரண்டின் வேகமும் அடங்கிவிடும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு வாயு. அது போனபின் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் சோடியம் அசிடேட் என்ற உப்பும். 15 கிராம் சோடா போதும், 5 சதவீத வினிகரில் ஏறக்குறைய 200 மி.லி.யைச் செயலிழக்கச் செய்துவிடும். பொங்கி முடிவதற்குள் மூடியை இறுக்கினால் பாட்டில் வெடிக்கவும் கூடும்.

தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். உப்புக்கறையில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். தெளித்த கையோடு துடைத்தால் பலன் இல்லை. கறை ஊற வேண்டும். அதற்காக இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், குழாயின் பளபளப்புப் பூச்சு கெடும். முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிசுக்கிடம் வினிகரின் பாச்சா பலிக்காது. அரை லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். காய்ந்து இறுகிய இடத்துக்கு மட்டும் 3 பங்கு சோடா, 1 பங்கு தண்ணீர் எனக் குழைத்துப் பூசி, 20 நிமிடம் கழித்துத் தேயுங்கள். பிறகு ஈரத்துணியால் இரண்டு முறை துடைக்காவிட்டால் வெள்ளைப் படலம் நிற்கும். அலுமினியத்தில் பூச வேண்டாம், கறுத்துவிடும்.

கேள்வி: சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து வினிகர் ஊற்றினேன். பால் மாதிரி திரிந்துவிட்டது. சோப்பு பழசா?

பதில்: புதுச் சோப்பும் திரியும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. வினிகர் பட்டதும் கொழுப்பு அமிலம் பிரிந்து மிதக்கும். அதைத் தேய்த்தால் பிசுக்கு கூடும். பாத்திரம் கழுவும் திரவங்களில் பெரும்பாலானவை சோப்பே அல்ல, அதனால் அவை திரிவதில்லை.

கேள்வி: பளிங்குத் தரைக்கு வினிகர் ஆகுமா? கிருமி சாக கொஞ்சம் ப்ளீச்சும் சேர்க்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். குழாய்க் கறையைப் போலவே பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். கறையைக் கரைப்பது தரையையும் அரிக்கும். போன மெருகு மறுபடி பாலிஷ் போட்டால்தான் வரும். ஒரு வாளி தண்ணீரில் சில சொட்டு மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் துடைத்து, வெறும் தண்ணீரால் மறுபடி துடையுங்கள்.

ப்ளீச்சில் வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன். இரண்டுமே நுரையீரலைத் தாக்கும். தவறிக் கலந்துவிட்டால் வாளியைத் தூக்கிக் கொட்டப் போகாதீர்கள். அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். போகிற வழியில் கதவு, ஜன்னலைத் திறக்க முடிந்தால் திறங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.