ஜெரால்டின் பேஜின் கைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நடிகை ஜெரால்டின் பேஜ் நடித்த ‘தி ட்ரிப் டு பவுன்டிஃபுல்’ படத்தை நீங்கள் சொல்லித்தான் பார்த்தேன். கடைசிவரை கண் கலங்கியபடியே இருந்தேன். அந்த வேகத்தில் அவருடைய பழைய படமான ‘சம்மர் அண்ட் ஸ்மோக்’கைத் தேடிப் பிடித்தேன். ஏமாற்றம். கைகள் ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. மூச்சு வாங்குகிறார், திடீரென்று சிரிக்கிறார், பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறார். எனக்குப் பொறுமை போய்விட்டது. மேடையில் பழகியவர் காமிரா முன்னாலும் மேடையைத்தான் நடத்துவார் என்கிறார் என் நண்பர். ஏழு முறை தோற்றவருக்கு எட்டாவது முறை பரிதாபப்பட்டு ஆஸ்கர் கொடுத்தார்கள் என்பதும் அவர் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் எந்த மேடையை மனதில் வைத்துப் பேசுகிறார்? கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று குரலை உயர்த்தி, கையை வீசி நடிக்கும் பெரிய அரங்கை என்றால், பேஜ் பெயர் வாங்கியது அங்கே அல்ல.

நாடகாசிரியர் டென்னஸி வில்லியம்ஸின் ‘சம்மர் அண்ட் ஸ்மோக்’ 1948ல் வேறொரு நடிகையுடன் பிராட்வேக்கு, அதாவது நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளுக்கு, வந்து சில மாதங்களில் படுத்துவிட்டது. 1952ல் இயக்குநர் ஹோஸே கின்டெரோ அதை நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், ‘சர்க்கிள் இன் தி ஸ்கொயர்’ அரங்கில் மறுபடி போட்டார். அரங்கு என்பதே கொஞ்சம் அதிகம். முன்பு இரவு விடுதியாக இருந்த இடம் அது. மூன்று பக்கமும் பார்வையாளர்கள். முன்வரிசைக்காரர் காலை நீட்டினால் நடிகர் தடுக்கி விழவேண்டியதுதான். பிராட்வேக்கு வெளியே சிறு அரங்குகள் தலைநிமிர்ந்தது இந்த நாடகத்துக்குப் பிறகுதான் என்று அமெரிக்க நாடக வரலாற்றை எழுதுபவர்கள் பலரும் சொல்கிறார்கள். நாயகி அல்மாவாக நடித்த பேஜுக்கு அப்போது 27 வயது.

அல்மா ஒரு பாதிரியாரின் மகள். பக்கத்து வீட்டு இளம் மருத்துவன்மேல் ஆசை, ஆனால் வளர்ந்த விதம் வாயைத் திறக்க விடாது. வாய் அடக்குவதெல்லாம் கையிலும் மூச்சிலும் சிரிப்பிலும் கசிகிறது. உங்களை எரிச்சல்படுத்திய அத்தனை அசைவும் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்காக உருவானவை. ஒரு விரல் நடுங்கினாலும் அங்கே தெரியும். குளோஸ்-அப் நடிப்பு அது. 1961ல் பீட்டர் கிளென்வில் படமாக்கியபோது குளோஸ்-அப்தான் போதவில்லை. அகலத்திரையும் ஜோடனை செய்த செட்டுகளுமாக அவளைத் தூரத்தில் நிறுத்திவிட்டார். (பழி முழுவதும் அவர்மேல் என்று சொல்லமாட்டேன். அந்தச் சிரிப்பு திரும்பத் திரும்ப வரும்போது எனக்கும் அலுக்கத்தான் செய்தது.)

இடையில் ஜான் வெய்னுடன் ‘ஹோண்டோ’ என்ற கௌபாய் படம், 1953ல். அதற்கே முதல் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. பிறகு 1961 வரை ஹாலிவுட்டில் அவர் இல்லை. இடதுசாரிகளைக் கறுப்புப் பட்டியலில் போட்டு வேலை மறுத்த காலம். அவருடைய ஆசிரியை உட்டா ஹாகன் அதில் அடிபட்டவர், அந்தத் தொடர்புதான் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. ஹாலிவுட்டுக்குத்தான் நஷ்டம். 1959ல் எலியா கஸான் இயக்கத்தில், பால் நியூமனோடு ‘ஸ்வீட் பேர்ட் ஆஃப் யூத்’ மேடையேறியது. அதை 1962ல் வந்த படமாகவே நாம் பார்க்கமுடிகிறது. அதில் பேஜ், தன் புதிய படம் தோற்றுவிட்டது என்று நம்பி ஓடி ஒளியும் ஒரு நட்சத்திரம். அது பெருவெற்றி என்று தொலைபேசியில் கேட்கிறாள். தன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிப் பக்கத்தில் ஒருவன் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். அவன் இருப்பதே அவளுக்கு மறந்துபோகிறது. கொடூரம், ஆனால் அவளைக் கொடுமைக்காரி என்று சொல்ல நமக்கு மனம் வராது.

இனி ‘இன்டீரியர்ஸ்’, 1978. வுடி ஆலனின் படம். என்னைக் கேட்டால் பேஜின் உச்சம் இதுதான், ‘பவுன்டிஃபுல்’ அல்ல. கணவன் விலகிப்போன ஈவ் (பேஜ்), ஜன்னல் இடுக்குகளை டேப் ஒட்டி அடைக்கிறாள், காஸைத் திறந்துவிடுவதற்காக. வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்வது அவள் தொழில். சாகப்போகும் நேரத்திலும் வேலையில் அந்தச் சுத்தம். கையில் பதற்றமே கிடையாது. அல்மாவின் கைகள் வெறும் பழக்கதோஷம் என்றால் இங்கேயும் அவை துடித்திருக்க வேண்டுமே?

பரிதாப ஆஸ்கர் விஷயம். அகாடமி அப்படிச் செய்வது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘பவுன்டிஃபுல்’லுக்காக அவர் ஆஸ்கர் வாங்கிய 1986ல் எதிரே இருந்தவர்கள் மெரில் ஸ்ட்ரீப், ஜெசிகா லாங், வூப்பி கோல்ட்பெர்க், ஆன் பேன்கிராஃப்ட். இதில் ஒரு வேடிக்கை. ‘ஆக்னஸ் ஆஃப் காட்’ படத்தில் பேன்கிராஃப்டுக்குப் பரிந்துரை வாங்கித் தந்த மடத்துத் தலைவி வேடத்தை 1982ல் பிராட்வேயில் செய்தவர் பேஜ்தான். விருதை அறிவிக்க உறையைப் பிரித்த நடிகர் எஃப். முர்ரே ஆபிரகாம், பெயரைப் படிக்கும் முன்பே, ஆங்கில மொழியின் ஆகப்பெரிய நடிகை என்று தான் கருதுபவர் இவர் என்றார். பரிதாபப்பட்டவர் பேச்சாகவா அது ஒலிக்கிறது? பரிதாபம்தான் விருது தரும் என்றால் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது அவருக்கு எப்போதோ வந்திருக்கவேண்டும். நான்கு முறை பரிந்துரை, ஒரு முறையும் கிடைக்கவில்லை. நான்காவது 1987ல், ‘ப்ளைத் ஸ்பிரிட்’ நாடகத்துக்கு. அந்த முறையும் கைநழுவிய சில நாட்களில், ஜூன் 13 அன்று, மாரடைப்பில் இறந்தார். நாடகம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து நீங்கள் பார்க்கவேண்டியது ‘எ கிறிஸ்மஸ் மெமரி’. ட்ரூமன் கபோட்டியின் கதை, 1966ல் தொலைக்காட்சிக்காக எடுத்தது, பின்னணியில் கதை சொல்லும் குரலும் கபோட்டியுடையதே. பேஜுக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கித் தந்தது. ஒரு மணி நேரம்கூட இல்லை. நண்பரையும் கூட உட்காரவைத்துப் பாருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.